ராக்கம்மாள் வாங்கிய டி.சி.கள்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ராக்கம்மாளுக்கு வீடு மாற்றுவது பெரிய காரியமாகப் பட்டதே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள். திருப்பூரில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கம்பெனி வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று அட்டை தொங்கும். அதற்குப் பின்னால் வாடகைக்கு ஒரு லைன் வீடும் இருக்கும். மகள் வர்ஷினி எதையாவது செய்துவிட்டால், சண்டைக்கு ஆள் வருமுன் ராக்கம்மாள் கிளம்பிவிடுவாள்.

எட்டு வயதில் வர்ஷினி அடுத்த வீட்டுப் பூனைக்குட்டியைத் தண்ணீர் டிரம்மில் போட்டு மூடினாள். அடுத்த பள்ளியில் கூடப் படித்தவளின் கையில் காம்பஸால் குத்தினாள். அதற்கடுத்த பள்ளியில் திருட்டு. ஒவ்வொரு முறையும் ராக்கம்மாள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்ப் புதுப் பள்ளியில், “ரொம்ப அமைதியான புள்ள டீச்சர்” என்பாள். எந்த டீச்சரும் வர்ஷினியை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

பதின்மூன்று வயதில், அருள்புரத்தில் குடியிருந்தபோது, வீட்டுக்காரி கலைமகளின் ஐந்து வயது மகனை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். நெற்றியில் ஏழு தையல்.

“ஏன்டி தள்ளுன?” என்றாள் ராக்கம்மாள்.

“அழுதுக்கிட்டே இருந்தான்.” சோறு வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

கலைமகள் போலீசுக்குப் போகவில்லை. “புள்ளையப் பெரியாஸ்பத்திரில காட்டுங்க அம்மிணி. நல்லாயிருமுங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ராக்கம்மாள் இந்தத் தடவை ஓடாமல் இருந்தாள்.

“எப்ப இருந்து இப்படி?” என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்.

“இப்பத்தான். ஆறு மாசமா.”

வர்ஷினி சிரித்தாள். “பூனைய மறந்துட்டியாம்மா?”

பிறகு ராக்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

“இதுக்கு நடத்தைக் கோளாறுன்னு பேரும்மா. நூறு பிள்ளைங்கள எடுத்தா ரெண்டு மூணு பேருக்கு இருக்கும்.”

“நெசமாவா? நான் இன்னொண்ணப் பாத்ததே இல்லையே டாக்டர். அதுகள்லாம் எங்க?”

“உங்கள மாதிரிதான், மறைச்சு வச்சிருப்பாங்க.” டாக்டர் சீட்டை நீட்டினார். “வெள்ளிக்கிழமை தோறும் கூட்டிட்டு வாங்க. ஒரே வீடு, ஒரே ஸ்கூல். இனிமே மாத்தாதீங்க.”

மறைத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று ராக்கம்மாளுக்குப் பட்டது. இனி யாரிடமும் மறைப்பதில்லை. அன்று சாயங்காலமே கலைமகளிடம் போய், எட்டு வயதிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கலைமகள் டீ கொடுத்தாள். “ஏதோ ஒருக்கா நடந்து போச்சுன்னுதானுங்க பொறுத்துக்கிட்டேன். அஞ்சு வருசமாவா? என்ற பையன் சின்னவனுங்க.” அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “மாசக் கடைசில ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க சாமி.”

“கதவப் பூட்டி வச்சுக்கிறேன்க்கா. வெளிய விடவே மாட்டேன்.”

“பூட்டி வெச்சா வளத்துவீங்க புள்ளைய?”

ராக்கம்மாள் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பி வந்தபோது வர்ஷினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழம போவமாம்மா? அந்த டாக்டர் என்னயத் திட்டவே இல்ல.”

இவ்வளவு வருஷத்தில் அவள் ஓர் இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

“போவோம்டி” என்றாள் ராக்கம்மாள். எந்த வீட்டிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.