ஹம்பேர்க்குக்கு மூன்று கால்பந்துப் பத்திரிகைகள்

சனிக்கிழமை காலை 7.15 ரயில். லைப்சிக்கிலிருந்து ஹம்பேர்க் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். டிக்கெட் 39 யூரோ. பையில் மூன்று பத்திரிகைகள், ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் இங்கிலாந்து போனபோது வாரம் ஒன்றாக வாங்கியவை. அந்நாட்டுச் சின்னச் சின்னக் கால்பந்து அணிகளுக்காகவே வாராவாரம் வரும் பத்திரிகை அது. கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள்.

குணம் அண்ணைக்காக. ஹம்பேர்க் ரயில் நிலையத்தருகே மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி ராணியைப் பிரிந்து வந்தவர். மகன் நிமலன் தாயோடு இங்கிலாந்தில். அங்கே ஒரு சிற்றூர் அணியின் கோல்கீப்பர். தகப்பனோடு பேச்சு நின்று நான்கு வருடம். அணிப் பட்டியலில் மகன் பெயரைப் பார்த்தால்தான் அண்ணைக்கு அந்த வாரம் சோறு இறங்கும். தபாலில் வந்துகொண்டிருந்த பத்திரிகை நின்றுபோனதால் என்னிடம் சொல்லியிருந்தார்.

கை சும்மா இருக்காமல் வண்டியிலேயே பிரித்துப் படித்தேன். முதல் இரண்டிலும் நிமலன் பெயர் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: கோல்கீப்பரின் தாயார் மறைவுக்காக இரு அணியினரும் கையில் கறுப்புப் பட்டி அணிந்து, பார்க்க வந்தவர்களோடு ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நாற்பது நிமிடத் தாமதம். 11.05க்கு இறங்கிக் கடைக்குப் போனேன்.

"வாங்கோ தம்பி. கொண்டு வந்தனீங்களோ?"

சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்றாவதை அடியில் வைத்துக் கொடுத்தேன். கோழைத்தனம்தான். அவரோ தேதியைப் பார்த்து அடியில் இருந்ததையே முதலில் உருவினார்.

"பழசைப் பிறகு பாப்பம். இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டு தெரியோணும்."

விரல் பெயர்களின் மேல் ஊர்ந்தது. "நிக்கிறான்," என்று சிரித்தார். விரல் கீழே இறங்கியது. இரண்டு தரம் படித்தார்.

"ராணி செத்துப் போனாவோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ட்ரெயின்லயே பார்த்துட்டேன் அண்ணா. சொல்ல வாய் வரல. ஸாரி."

அவர் கோபிக்கவில்லை. "தாயைப் பறிகுடுத்த கிழமையும் விளையாடியிருக்கிறான். அந்தக் கோல் கம்பத்துக்குள்ள தனிய நிண்டிருப்பான், என்ன?"

"ஒரு போன் பண்ணுங்களேன்."

"ஏலாது தம்பி. எடுக்க மாட்டான்."

மூன்று மணிக்குத் திரும்பும் வண்டி. பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரை வந்தார். எங்கள் ஊரில் இழவு சொல்ல ஆள் வரும். பகையாளி வீட்டுக்கும் வரும். இங்கே புருஷனுக்கே பேப்பர்தான் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பத்திரிகை போடும். வண்டி கிளம்பும் முன் அண்ணை அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நூற்றிப் பன்னிரண்டு பேர் அவளுக்காக எழும்பி நிண்டிருக்கினம். நான் போயிருந்தா நூற்றிப் பதின்மூண்டு."