டிக்கிக்குள் எரிந்த விளக்கு

வெள்ளைக்காரர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, ஒரு அதிகாரி தன் கறுப்புக் காரை அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். காலையில் என்னைக் காரில் பள்ளிக்கூடத்தில் இறக்கி, அதைத் திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நடந்தே கந்தோருக்குப் போவார். கந்தோர் வாசல் வெயிலில் காரை நிறுத்த அவருக்கு மனம் வராது.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அந்தக் கார் காலையில் எழும்ப மறுத்தது. அப்பா சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பிறகு ஒழுங்கைச் சனமே கூடித் தள்ளும். கரையிலிருந்து மீன் கூடையோடு வருகிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கை கொடுப்பார்கள். சரிவில் உருண்டு, கடற்கரை வீதிக்குக் கிட்டப் போகும்போதுதான் கார் இருமிக்கொண்டு உயிர் பெறும். பின்பக்கம் முழுக்க மீன் செதில் ஒட்டியிருக்கும். எனக்கு அது தேர் இழுப்பதுபோல இருந்தது. அப்பாவுக்கு அப்படி இருக்கவில்லை.

பழி என் தலையில் விழுந்தது. பின்னேரங்களில் நான் அந்தக் காரில் இருந்து, அசையாமலே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓட்டிக்கொண்டு போவேன். ஏதோ ஒரு சுவிச்சை நான்தான் போட்டுவிட்டு வருகிறேன் என்பது அப்பாவின் தீர்ப்பு. இனிக் காருக்குள் ஏறக் கூடாது என்றார். ஏறாமல் இருந்தேன். அடுத்த நாளும் கார் எழும்பவில்லை. களவாக ஏறியிருக்கிறேன் என்றார். சல்லி அம்மன் மேல் சத்தியம் பண்ணினேன், எடுபடவில்லை. அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. எங்களோடு இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மட்டும் எனக்காக வாய் திறந்தார்.

"பிள்ளையைப் பேசாதையுங்கோ அத்தான். அவள் பாவம்."

கராச்சுக்காரர் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பற்றரியில ஒரு பிழையும் இல்லை ஐயா. உங்கட காருக்குள்ள என்னவோ ஒண்டு விடிய விடிய இருந்து குடிக்குது."

அம்மா மாமாவைப் பார்த்தார்.

"நானில்லை அக்கா," என்றார் மாமா.

பிறகு அந்தக் குடிகாரனைத் தேடும் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். முதல் நாள் கார் மணிக்கூட்டின் வயரைக் கழற்றினார். மணிக்கூடு நின்றது, காலையில் காரும் நின்றது. அடுத்த நாள் கூரை விளக்கின் பல்பைக் கழற்றினார். மூன்றாம் நாள் ஹோர்ன் வயரைக் கழற்றிவிட்டதால், அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் மாமா யன்னலால் தலையை நீட்டி, "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று கத்திக்கொண்டு வந்தார். கார் என்னவோ திருந்தவில்லை.

இரண்டாவது கிழமை முடிவில் அப்பா காரை விற்கத் தீர்மானித்தார். மூதூரிலிருந்து ஒரு முதலாளி ஞாயிற்றுக்கிழமை லோஞ்சுப் படகில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் அழுதேன். அம்மா அழவில்லை, ஆனால் அன்றைய சொதியில் உப்பில்லை.

ஞாயிறு காலை அப்பா காரைக் கழுவினார். கூட்டுவதற்காக டிக்கியைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்ன விளக்கு பத்தியது. தடை இன்னும் நீங்காததால் நான் எட்டத்தில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மூடினா அது தானா அணைஞ்சு நூருமோ?"

"நூரும்."

"ஆர் பாத்தது?"

அப்பாவின் கை நின்றுவிட்டது. கந்தோரில் எதையும் கண்ணால் காணாமல் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். மாமாதான் அவசரமாக முன்னுக்கு வந்தார்.

"வெள்ளைக்காரன் செய்த சாமான் அத்தான். கட்டாயம் நூரும். பாக்கத் தேவையில்லை."

"ஆராவது உள்ள இருந்து பாத்தால்தான் தெரியும்," என்றேன் நான்.

அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"பிள்ளையை அதுக்குள்ள வைக்க ஏலாது. வேணுமெண்டா நான் ஏறுறன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அதற்குள் நான் ஏறிப் படுத்துவிட்டேன். பத்து எண்ணுவதற்குள் திறப்பேன் என்று சொல்லி அப்பா மூடினார்.

இருட்டை எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கியிருந்தேன். திறந்து பார்த்தால் எல்லாம் மஞ்சள் வெளிச்சம். மேலதிகச் சில்லு, ஜாக்கி, என் கால் விரல்கள் எல்லாம் திருவிழாவில்போல மினுங்கின.

"எரியுது! அப்பா, எரியுது!"

ஏன் எரிகிறது என்று தேடினேன். மூடியின் மூலையில் ஒரு சிறு தகடு இருந்தது. மூடி இறங்கும்போது அதுவும் இறங்கினால்தான் விளக்கு நூரும் போலிருந்தது. அதை இறங்கவிடாமல், அதன் அடியில் இரண்டு வெள்ளைப் பலகைகள் செருகிக் கிடந்தன. இரண்டிலும் சிவப்பில் ஒரே எழுத்து. அந்த வருடம்தான் இங்கிலிஷ் எழுத்துகள் படித்திருந்தேன்.

"ஆரோ ரெண்டு எல் எழுத்து ஒளிச்சு வைச்சிருக்கினம்!" என்று கத்தினேன்.

மூடி திறக்கவில்லை. பத்து முடிந்தது, இருபதும் முடிந்தது.

மூடி திறந்தபோது மாமா கிணற்றடியில் நின்று சுத்தமான காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா பலகைகளை இழுத்து எடுத்தார். தகட்டை விரலால் அமுக்கினார். விளக்கு நூர்ந்தது. விட்டார், பத்தியது. ஆனால் அவர் விளக்கைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"பொங்கல் கழிஞ்ச கையோட," என்றார் அம்மா. "நீங்கள் கந்தோருக்குப் போனாப் பிறகு தம்பி கார் ஓட்டப் பழக்கிறவன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டனான். நீங்கள் சிரிச்சியள்."

அப்பா பலகைகளை மாறி மாறிப் பார்த்தார். என்னைக் குற்றம் சாட்டும்போது இருந்த முகம் இப்போது அவரிடம் இல்லை.

"இப்ப எப்பிடி ஓடுவீர்?"

"முன்னுக்குப் போகும். பின்னுக்குத்தான் கொஞ்சம் சுணங்கும்."

அந்த நேரம் பார்த்து மூதூர் முதலாளி வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகப் படலையடிக்கு வந்தார். அப்பா அவரை வரவேற்று, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ முதலாளி. கார் விக்கிறதில்லை. வீட்டுக்காரி பழகுறா. இப்ப ஒருக்காத் தள்ள வேணும், ஒரு கை பிடியுங்கோ."

முந்தின இரவும் விளக்கு எரிந்துதானே இருந்தது? பற்றரியில் அந்தச் சின்ன விளக்குக்குப் போதுமான உயிர்தான் மிச்சம், காரை எழுப்ப அது காணாது. அப்பா தன் கையாலேயே பலகைகளை முன்னும் பின்னும் கட்டினார். அம்மா அகப்பையை என்னிடம் தந்துவிட்டு ஓட்டுகிற இடத்தில் ஏறினார். நான் பக்கத்தில். பின்னால் அப்பா, மாமா, முதலாளி.

"கார் வாங்க வந்தவன இப்பிடித் தள்ள வெச்சிட்டீங்களே ஐயா!" என்று சிரித்தபடியே முதலாளி சாரத்தை மடித்துக் கட்டினார்.

சரிவில் கார் உருண்டது. அம்மா கிளச்சிலிருந்து காலை எடுத்தார், கார் ஒரு துள்ளுத் துள்ளி உறுமியது. நின்றால் மறுபடி செத்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா நிற்பாட்டவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று ஆண்களும் ஒழுங்கை நடுவில் கையை அசைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா எதற்கோ துள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் கடற்கரை வீதிக்கு ஏறிவிட்டோம். கடல் என் பக்கத்து யன்னலோடு கூடவே ஓடிவந்தது. நான் அகப்பையைக் கொடிபோல வெளியே பிடித்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டார்.

"பிள்ளை, அம்மாவில கோவமோ?"

"என்னத்துக்கு?"

அம்மா கியரை மாற்றினார். பிழையைக் கண்டுபிடித்தது நான், காரைக் காப்பாற்றியது நான். எனக்கு யார் மேல் கோபம் வரும்? நான் பேச்சு வாங்கிய அந்த இரண்டு கிழமையும் என் மத்தியானச் சோற்றுக்குள் நாள் தவறாமல் ஒரு பொரித்த முட்டை ஒளிந்திருந்தது. வீட்டில் வேறு ஒருவர் சோற்றுக் கோப்பையிலும் அது இருக்கவில்லை. நான் வளருகிற பிள்ளை, அதனால்தான் தருகிறார் என்று நினைத்திருந்தேன்.