ஒரு பிடி அரிசிக்கு ஒரு பாத்திரம்

மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான் கெடு. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேளைக்கு நானூறு பேருக்குச் சமைத்தவர், ஓய்வுபெற்று ஒற்றை அறைக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே இரண்டு தடவை சோற்றை அடிபிடிக்கவிட்டு மாடிவரை புகை மூட்டியிருந்தார். வீட்டுக்காரம்மா அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்ப்பா. என் கண்ணு முன்னாடி சமைங்க. மறுபடி அடிபிடிச்சா, ரூமைப் பூட்டிட்டு என்கூடக் கெளம்புறீங்க."

மகள் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டு அடுப்படியில் அவருக்கு வேலை இல்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோளாறு கையில் இல்லை, பாத்திரத்தில் என்பது சனிக்கிழமைதான் பிடிபட்டது. குடிவந்த அன்று பத்துப் பேருக்கான அகலப் பாத்திரத்தை வாங்கியிருந்தார். நானூறு பேருக்கான அண்டாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே குழந்தை விளையாடுகிற சொப்பாகத் தெரிந்தது. அதில் ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் தரையில் சிந்தியதுபோல் பரவிக் கிடந்து, கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் சுண்டிவிடும்.

சட்டைப்பையில் ஒரு பிடி அரிசியோடு பாத்திரக்கடைக்குப் போனார்.

"எத்தன பேருக்குங்க?" என்றாள் கடைக்காரம்மா.

"ஒரு ஆளுக்கு."

சொல்லும்போதே அவர் கை, இருப்பதிலேயே பெரியதை இறக்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஒரு ஆளு யானைங்களா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரமாக அரிசியைக் கொட்டிப் பார்த்தார். ஐந்தாவதில் அரிசி ஒரு விரல் கனத்துக்கு நின்றது. அடியைச் சுண்டினார், கனத்த சத்தம். கூடவே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி.

"தட்டு ரெண்டா வாங்கிக்கங்களேன்."

"ஒரு ஆளும்மா!"

மறுநாள் மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"எனக்கும் சேர்த்து வைங்கப்பா. பசிக்குது."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பிடி போட்டால் புதியது பொங்கி வழியும். கண் தானாகக் கட்டிலடிக்குப் போனது. பழைய பெரிய பாத்திரம் அங்கேதான் இருந்தது.

"அதுலயா?" என்றாள்.

"இல்ல. இதுலயே ரெண்டு தடவ."

"விடிஞ்சிடும்!"

அடுப்பைப் பற்றவைத்தார். ஆஸ்பத்திரியில் மூடியைத் திறந்தே பார்த்ததில்லை. கொதிக்கிற சத்தத்திலேயே பதம் தெரியும். இந்தக் குட்டிப் பாத்திரத்தின் பேச்சு அவருக்குப் புதிது. கடகடவென்றது, முணுமுணுத்தது, பிறகு பேச்சே இல்லை. வெந்துவிட்டதா, தீய்கிறதா? விரல்களை அடுப்புத் திருகிலேயே வைத்திருந்தார்.

"ஏதோ வாசன வருதேப்பா."

"பேசாத!"

காதைத் தாழ்த்தினார். மெலிசாக ஒரு சொடுக்கு. அணைத்துவிட்டார்.

மகள்தான் பரிமாறிக்கொண்டாள். பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கரண்டிக் காம்பால் அடியைச் சுரண்டினாள்.

வெள்ளையாக இரண்டு பருக்கை ஒட்டி வந்தன.

சாப்பிட்டாள். அடுத்த பிடி அடுப்பில் ஏறியது. அது இறங்கியதும் தட்டைக் கழுவி அவரிடம் நீட்டினாள்.

"அடுத்த வாரம் என் தட்ட நானே கொண்டுவரேன்."

பிறகு குனிந்து கட்டிலடியிலிருந்து பெரியதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது இங்க இருந்தா உங்க கை சும்மா இருக்காது. என்கூட இதுதான் கெளம்புது."