துடைத்துவிட்டுப் போகிறவள்

கரும்பலகையை மேலிருந்து கீழாக, ஓர் எழுத்தின் வால்கூட மிச்சமில்லாமல் துடைக்கிறாள் ஒச்சாயி. மணி அடித்து, அடுத்த வாத்தியார் வாசலில் வந்து நின்றாலும் நகரமாட்டாள். "செத்த இருங்க சார். என் எச்சி எலையிலயா நீங்க சாப்புடுவீக?" என்பாள். அடுத்தவர் எழுதிப்போட்டுப் போன கரும்பலகையைப் பார்த்தால் போதும், யாரோ நடுவீட்டில் துப்பிவிட்டுப் போனது மாதிரி முகம் சுண்டிவிடும்.

சமூக அறிவியல் டீச்சர். சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துத் திண்டுக்கல் வருகிறாள். உட்கார இடம் கேட்டு யாரிடமும் பல்லிளிக்கமாட்டாள், நின்றே வருவாள். குரல்தான் கொஞ்சம் பெருசு. அவள் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

இந்த வருஷம் தாளாளருக்குப் புதுக் கிறுக்கு. பள்ளிக்கு இணையதளம் வேண்டுமாம். வெளியாள் செய்யக்கூடாதாம், வாத்தியார்களே குழுக்குழுவாகக் கற்றுக்கொண்டு கூட்டாகச் செய்ய வேண்டுமாம். "வெள்ளிக்கெழம காலையில வந்து பாப்பேன். யாரால கெட்டுப்போச்சோ அவங்க அடுத்த வருஷம் வர வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் வேலையைவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒச்சாயியின் குழுவில் இன்னும் இரண்டு பேர். இங்கிலீஷ் டீச்சர் ஃபர்ஹீன். போன ஜூனில் சேர்ந்த அறிவியல் வாத்தியார் ஆனந்த்ராஜ். சொல்லிக்கொடுக்கக் கம்ப்யூட்டர் டீச்சர் ஜீவிதா. மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபோல்டர், ஆளுக்கொரு பக்கம்.

முதல் நாள் மவுஸைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பிடித்தாள் ஒச்சாயி. பக்கம் எழுதும்போது திறக்கிற குறி போட்டால் மூடுகிற குறியும் போட வேண்டும் என்று ஜீவிதா சொன்னதும் பிடிபட்டுவிட்டது. "இதுக்கா இம்புட்டு அலட்டல்? தெறந்தவுக மூடணும், அம்புட்டுத்தான?" பள்ளியின் வரலாறு அவள் பக்கம். கன்னங்கரேலென்று நிறம் போட்டு, வெள்ளை எழுத்தில் எழுதினாள்.

"டீச்சர், துக்க வீடு மாதிரி இருக்கு" என்றாள் ஃபர்ஹீன்.

"ஏம்மா, இத்தன வருசமா கரும்பலகையப் பாத்துப் படிச்ச புள்ளைகள்லாம் துக்க வீட்டுலயா படிச்சுச்சுக?"

ஃபர்ஹீனின் பக்கம் முழுக்க ஆண்டுவிழாப் படங்கள். வாரக்கணக்கில் பொறுக்கி, வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள். ஆனந்த்ராஜுக்கு அது பொறுக்கவில்லை. "இம்புட்டையும் தூக்கிக் கடாசுனாத்தான் மேடம் பக்கம் உருப்படும்" என்றான். "கை வச்சுப் பாருங்க சார்" என்றாள் அவள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீவிதா மூன்று பக்கங்களையும் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள். ஒச்சாயி கிளம்பவில்லை. சுவரில் தெரிந்துவிட்டது, அப்படியென்றால் எல்லாம் இணையத்துக்குப் போயாயிற்று. இனி ஃபோல்டரில் கிடப்பது பாடம் முடிந்த பலகையில் கிடக்கிற எழுத்து. காலையில் அடுத்த குழு வந்து உட்காரும். மூன்று பக்கங்களையும் அழித்தாள். திரை மூலையில் இருந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஜீவிதா ஃபோல்டரைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது. குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அதுவும் வெறுமை.

"ஏம்மா பதறுற? அதேன் மேல போயிருச்சே. நேத்துச் செவுத்துல பாத்தோமே" என்றாள் ஒச்சாயி.

"அய்யோ டீச்சர், அது இந்த ஃபோல்டர்ல இருந்து காட்டுனது. இன்னும் ஏத்தவே இல்ல. சார் பாத்துட்டுச் சரின்னதும் ஏத்தலாம்னு இருந்தேன். வேற காப்பியும் கெடையாது."

ஒச்சாயி திரை மூலையில் இருந்த குப்பைத்தொட்டியையே பார்த்தாள்.

ஃபர்ஹீன் நேரே ஆனந்த்ராஜிடம் போனாள். "சந்தோசமா சார்? கடாசிட்டீங்களா?"

"மேடம், நான் தொடவே இல்ல."

"நீங்கதான சொன்னீங்க? டீச்சரும் ஜீவிதாவும் காதால கேட்டாங்களே!"

"வாயிலதான சொன்னேன்! ஜீவிதா, யார் அழிச்சதுன்னு மிசின்ல தெரியாதா?"

"மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு சார். எப்பிடித் தெரியும்?"

மிஷினுக்குத் தெரியாது. மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. ஒச்சாயிக்கு மட்டும் தெரியும். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. இந்த வயதில் வேறு எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டு வேலை கொடுக்கும்? வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் சாயங்காலம் வழக்கம்போல வத்தலக்குண்டு பஸ் வரும். ஏறிப் போய்விடலாம். கீழே தாளாளரின் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆனந்த்ராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "நாந்தேன்னு சொல்லிருங்க. புதுசா வந்தவன்தான? போறேன்."

"ஏய்யா, நில்லு." ஒச்சாயி அவன் பையைப் பிடித்து நிறுத்தினாள். "அவரு இல்லம்மா. நாந்தேன். அடுத்தவுகளுக்குச் சுத்தமா இருக்கட்டும்னு தொடச்சேன். குப்பையவும் கொட்டிட்டேன்."

ஃபர்ஹீன் ஆனந்த்ராஜை விட்டு ஒச்சாயி பக்கம் திரும்பினாள். திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஒச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஃபர்ஹீனுக்கு நேரே போய் நின்றாள். பிரம்படி வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து, வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். தாளாளர் உள்ளே வந்து நின்ற பிறகும் அதை மடக்கவில்லை.