ஒருக்களித்த கதவும் ஒளிச்சீப்பும்

இந்த நாட்டில் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மேலே ஓர் இரும்புக் கை இருக்கிறது. நாம் உள்ளே நுழைந்ததும் அது முதுகுக்குப் பின்னால் கதவை மெதுவாகச் சாத்திவிடும். மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. கிளேட்டனில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைத் துப்புரவு செய்வது என் வேலை. பிற்பகலில் அறை அறையாகப் போய்க் குப்பைக் கூடைகளை வெறுமையாக்குவேன். உள்ளே ஒரு பெண் தனியாக இருந்தால், தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கதவிடுக்கில் வைத்து, கதவை ஒருக்களித்து விட்டுத்தான் நுழைவேன். யாரும் சொல்லித்தந்த பழக்கமில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

மூன்றாம் மாடி லேசர் அறையில் பெரும்பாலும் தனியாக இருப்பவள் வானதி. திருநெல்வேலிப் பிள்ளை, ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருடம். முதல் நாளே என் பெயர்ப்பட்டியைப் பார்த்து, "அங்கிள், தமிழா?" என்றாள். "ஓம்" என்றேன். நான் இலங்கைக் கரை என்று அதிலேயே தெரிந்து சிரித்தாள். தான் மைக்ரோவேவ் உண்டாக்குவதாக அவள் சொன்னபோது, சோறு சூடாக்கும் பெட்டியை நினைத்துக்கொண்டு, "அது கடையிலயே விக்குது, பிள்ளை" என்றேன்.

"அதே அலைதான் அங்கிள். ஆனா எனக்கு நடுக்கமே இல்லாம வேணும். ராடாருக்கு, துல்லியமான கடிகாரத்துக்கு எல்லாம். ஒளி ரொம்ப வேகமா ஆடும், எண்ணவே முடியாது. இந்த லேசருக்குச் சீப்புன்னு பேரு. சீப்புப் பல்லு மாதிரி சம இடைவெளியில நிறைய ஒளி தருது. சைக்கிள் பல்சக்கரம் மாதிரி வேகத்தைக் குறைச்சு, மைக்ரோவேவா இறக்கிக் கொடுத்துடும். இறங்கும்போது நடுக்கமும் கூடவே சுருங்கிடும்."

பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நடுக்கம் தெரியும். போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுவது என் பொறுப்பு. கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்து விழும். "ஒழுங்காச் சுத்தடா!" என்று அயலவர்கள் ஒன்றாகக் கத்துவார்கள். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அண்மையில் சில வாரங்களாக வானதி சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஒழுங்காக இருக்கும் அளவு பிற்பகலில் துள்ளுகிறதாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த லேசர் மேசை வேறு குழுவுக்குப் போகிறது. அதற்குள் சரிவராவிட்டால் அவளுடைய கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை. அறையைப் பராமரிக்கும் கிரெக் குளிரூட்டியைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், தூரத்து ரயிலைக்கூடச் சந்தேகித்தார்.

வியாழக்கிழமை நான் கதவிடுக்கில் பலகையை வைப்பதைக் கிரெக் கண்டுவிட்டார். லேசர் எல்லாம் மூடித்தான் இருக்கிறது, பயப்படாதே என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளில் தட்டினார். தப்பி ஓடுவதற்கு வழி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாராக்கும். "யெஸ், யெஸ்" என்றேன். எனக்கு வேறு ஆங்கிலம் வரவில்லை.

வானதி திரையைப் பார்த்தாள். பிறகு பலகையை.

"அங்கிள், அதைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தேன். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் திரையில் துள்ளிய கோடு அடங்கிப் படுத்தது. தாழ்வாரத்துக் குளிர்காற்றுத்தான் லேசரின் கண்ணாடி இழைகளைத் தினமும் அலைக்கழித்திருக்கிறது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"நீர் தனிய இருக்கிறீர் எண்டுதான், பிள்ளை..."

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான். என் ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருந்தா, அவ இருக்கிற ரூம் வாசப்படியை அப்பா தாண்ட மாட்டார். கிரெக்குக்கு இதை நான் எப்படி அங்கிள் விளக்குறது?"

"விளக்காதேயும். பயம் எண்டே நினைக்கட்டும்."

வெள்ளிக்கிழமை உள்ளே போய்க் கதவை முழுதாக மூட விட்டேன். "நல்லவேளை, இப்பத்தான் ஆரம்பிக்கப்போறேன். முடியிற வரைக்கும் கதவைத் திறக்க வேணாம். உட்காருங்க, போனை மட்டும் அணைச்சுடுங்க" என்றாள். கிளிநொச்சியிலிருந்து என் மனைவி அழைக்கும் நேரம் அது. தற்காலிக விசாவில் இருப்பவனுக்குக் குடும்பம் என்பது அந்த அழைப்புத்தான். அணைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தேன். மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

நடுக்கத்தைக் காட்டும் கோடு இறங்கியது. இன்னும் இறங்கியது. வானதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துடுச்சு அங்கிள்" என்று முணுமுணுத்து, என்னைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். தன் வீட்டு ஆளுக்குக் காட்டுவதுபோல் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ஒன்றும் விளங்காமலே தலையாட்டினேன், நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு கைபேசியைத் திறந்தேன். தவறிய அழைப்புகளுக்குக் கீழே மனைவியின் செய்தி கிடந்தது: "எங்க நிக்கிறியள்?"

வானதி இன்னும் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் திரைக் கோட்டையும் மூடிய கதவையும் பார்த்தபடி, பதிலுக்கு முதல் எழுத்தைத் தேடிக்கொண்டு நின்றேன்.