காலியாக வந்த நாலு செய்தி

சி மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவர்களே, நம் தொழிலில் இருப்பதைவிட இல்லாததுதான் அதிகம் படுத்தும். எனக்கு வீட்டிலும் அப்படித்தான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் மதியம் போன் செய்வதை நிறுத்தி மூன்று மாதமாகியிருந்தது. காரணம் நான்தான்.

பேர் வைக்காத படகு

செங்கல்பட்டில் எங்கள் சின்ன அலுவலகம் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்கிறது. கடலிலிருந்து பொத்தானை அமுக்கினால் வீட்டுப் போனுக்குச் செய்தி போகும். படகின் பெயரைப் பதியாவிட்டால் அந்த இடத்தில் நல் பாயிண்டர், அதாவது எங்கேயும் போகாத முகவரி. அதைச் சோதிக்காமல், பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணும் வரிக்குக் கொடுத்துவிட்டேன்; நிரல் அங்கேயே விழுந்தது. புதுப்பட்டினம் மீனவர் தேசிங்கு அண்ணனின் படகில் இருந்த பெட்டி நாள் முழுக்க அணைந்து அணைந்து எரிந்தது. திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன்.

"இன்னாம்மா, பேரு வெக்கலன்னா செத்துப்பூடுமா உன் டப்பா? எம் பொண்ணுக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் பேரு வெச்சேன்!"

ஒன்றுமில்லாத செய்தி

அதன்பின் எனக்குச் சந்தேகப் புத்தி. நல் பாயிண்டர் வந்தாலும் சரி, முகவரி இருந்து உள்ளே ஓர் எழுத்தும் இல்லாத எம்ப்டி ஸ்ட்ரிங் வந்தாலும் சரி, இரண்டையும் ஒரே வரியில் தள்ளிவிட்டு 'செய்தி இல்லை' என்று காட்ட வைத்தேன். அதில் பெருமை வேறு.

ஒரு நாள் தேசிங்கு அண்ணனின் மனைவி செல்வி அக்கா பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முந்தின நாள் கடலில் பலத்த காற்று. அண்ணன் சாயங்காலம் கரையேறும்வரை போனில் 'செய்தி இல்லை' என்றே இருந்ததாம். அக்கா பச்சைத் தண்ணி பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி அனுப்பியவற்றின் பதிவைத் திறந்து பார்த்தேன். நாலு செய்தி வந்திருந்தது, நாலும் காலி. வலை இழுக்கும் ஈரக்கையோடு யார் எழுத்தைத் தேடுவார்கள்? வெறுமனே அமுக்குவதுதான் அவர்கள் வழக்கம். நாலையும் குப்பையில் போட்டவள் நான். அக்கா முகத்தைப் பார்க்காமலே அதைச் சொன்னேன்.

"எய்தாட்டி இன்னாம்மா? அமுக்குச்சுன்னா உசுரோட கீதுன்னு அர்த்தம். எனக்கு அதான வேணும்."

மதியப் போன்

முன்பெல்லாம் என் கணவர் மதியம் சாப்பிட்டதும் கூப்பிடுவார். சொல்ல ஒன்றும் இருக்காது, பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்கும். "விஷயம் இல்லேன்னா வை, வேலை கீது" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். மனிதர் அத்தோடு நிறுத்திவிட்டார். அந்த மின்விசிறிச் சத்தத்துக்கு நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும்.

செல்வி அக்காவை பஸ் ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று நானே அழைத்தேன். "இன்னா, இன்னா ஆச்சு?" என்று பதறினார். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறி ஓடியது.

"சரி, வெச்சுடாத" என்றார்.

நல் பாயிண்டரை இன்றைக்கும் வாசலிலேயே மறித்துவிடுகிறேன். காலியாக வருவதை மட்டும், அலுவலகத்திலும் சரி, வீட்டிலும் சரி, உள்ளே வந்து உட்காரச் சொல்கிறேன்.