தனித்தனித் துண்டுகளாக ஒரு ஸ்வெட்டர்

ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்னோடு வந்தவை மூன்று: ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின், என் வாய். பீரோவின் கதவு லாரியிலேயே நெளிந்துவிட்டது. மற்ற இரண்டும் வந்த நாளிலிருந்து நன்றாக ஓடின.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே வேர்வையைத் துடைக்கத் துணி வேண்டுமே தவிர, குளிருக்கென்று யாரும் துணி வாங்கி நான் பார்த்ததில்லை. ஓசூரிலோ ஐப்பசி பிறந்தாலே காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் குல்லாவும் மஃப்ளருமாகத் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் கணவரை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

நாங்கள் இருந்தது மாடியில், இரண்டு அறை. அவர் எட்டு மணி நேரம் வேலைக்குப் போய்விட்டால் பேசுவதற்கு ஆள் கிடையாது. ஆகவே மிஷினோடு பேசினேன். கல்யாணத்துக்கு முன்னால் தையல் கிளாஸில் மிஷின் எம்ப்ராய்டரி கற்றிருந்தேன். ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்கும் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். கீழே துணியை இழுக்கும் பல்லையும் இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு துணியை இழுக்க ஆள் இல்லை, நம் கைதான். துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, காலால் மிதித்தபடி கையால் நகர்த்தினால் ஊசி இருந்த இடத்திலேயே குத்த, பூ தானாக விரியும். வேகம் கொஞ்சம் பிசகினால் நூல் அறும், இல்லையென்றால் ஊசி விரலில் ஏறும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சத்தமும், வெறும் காலில் தட்டும் இரும்பு மிதியின் குளிர்ச்சியும், இலை முடிந்து காம்பு தொடங்கும்போது வரும் ஒரு சின்னக் கர்வமும் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

விளைவு, வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை வந்தது. தலையணைக்கு, டிவிக்கு, மிக்ஸிக்கு, கேஸ் சிலிண்டருக்கு, கடைசியில் ரிமோட்டுக்கும். "நான் அஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு மாட்டிருவா போல" என்று என் கணவர் கீழ்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். கீழ்வீட்டுக்காரி அதை வாங்கி வைத்துக்கொள்ளாமல் நேரே மேலே வந்து, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கா, சிலிண்டருக்கு" என்றாள். அப்படித்தான் அவள் என் வாழ்க்கைக்குள் வந்தாள்.

அவளுடைய அப்பா வீடு தொரப்பள்ளிப் பக்கம், ரோஜாத் தோட்டம். வீட்டுக்குள் கன்னடம், எங்களோடு தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு. திட்டுவதற்கு மட்டும் மூன்றும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டோம். யார் மூத்தவள் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இருவருக்கும் விருப்பமும் இல்லை.

அவள் கையில் எப்போதும் இரண்டு பின்னல் ஊசிகளும் உல்லன் நூல் உருண்டையும் இருக்கும். மொட்டைமாடியில் பத்து மணி வெயிலுக்கு வந்து உட்கார்ந்து, பார்க்காமலே பின்னுவாள். நான் அவளுக்கு மிஷினில் பூப்போடச் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்தாள். அவள் எண்ணுவது கன்னடத்தில் என்பதால் கண்ணிகளை ஒந்து, எரடு, மூரு என்றே நானும் எண்ணப் பழகினேன். ஒரு மாடியில் இரண்டு பெண்கள், நடுவில் காயும் மிளகாய், ஊசிகள் உரசும் மெல்லிய சத்தம். என் வாழ்க்கையில் எந்த நாட்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டால் அந்தப் பத்து மணி வெயிலுக்குத்தான் போவேன்.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கியபோது நான் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்கு ஆறு ஜபலாச் சட்டை தைத்தேன். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு வாத்து. ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளை இல்லாமல் போயிற்று. அந்த ஜபலாக்களை என்ன செய்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணி தைப்பது வழக்கமில்லை. பிறந்த பிறகும் பதினாறு நாள் வரை, கட்டிக் கட்டி நைந்த வேட்டியும் சேலையும்தான் பிள்ளைக்கு. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் தைத்தேன். என் கைதான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று நானே முடிவு செய்துகொண்டு மிஷினை மூடி வைத்தேன். அதன் மேலும் நான் பூப்போட்ட உறைதான் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது கோவில்பட்டியிலிருந்து அத்தை, என் கணவரின் அம்மா, துணைக்கு வந்துவிட்டார். நான் ஊசி பக்கமே போகவில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என் கணவரே தைத்துக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கிற கைக்குப் பயம்தான் அதிகம் வரும். நாளெல்லாம் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அசைகிறதா, அசைகிறதா என்று அதே நினைப்பு.

கீழ்வீட்டுக்காரி ஒரு நாள் இளமஞ்சள் உல்லன் நூலோடு வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அத்தையின் முகம் மாறிவிட்டது.

"ஏளா, பொறக்காத பிள்ளைக்கு எவளாவது சட்டை போடுவாளா?" என்றார் என்னைப் பார்த்து. நான் எதையும் தொட்டிருக்கவேயில்லை.

"சட்டையே இல்லம்மா இது" என்றாள் அவள் நிதானமாக. "முன்னாடி ஒரு துண்டு, பின்னாடி ஒரு துண்டு, கைக்கு ரெண்டு துண்டு. தெச்சுச் சேத்தாதான் ஸ்வெட்டரு. சேக்காம வெச்சிருந்தா வெறும் துண்டுதான? இந்தக்கா கைய சும்மா வெச்சுக்கினு எத்தினி நாளுக்கு அழுதுகினே இருக்கும்?"

அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்தாமல் வெகுநேரம் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "துண்டாவே இருக்கட்டும். ஒண்ணோட ஒண்ணு சேக்கக் கூடாது. சட்ட மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கவும் கூடாது. பதினாறு கழிஞ்சு சேத்துக்கிடுங்க."

அப்படியே செய்தோம். முன்பக்கத்தை நான், பின்பக்கத்தை அவள். வலது கை எனக்கு, இடது கை அவளுக்கு. நான் முடித்தவை என் பீரோவில், அவள் முடித்தவை கீழே அவள் டிரங்குப் பெட்டியில். பின்னும்போது பயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். எண்ணிக்கை தவறக் கூடாதே என்கிற கவலையில் பெரிய கவலை மறந்துபோகும். அந்த மார்கழி வரை எனக்குத் தூக்கம் வந்தது என்றால் அது அந்த மஞ்சள் நூலால்தான்.

பிள்ளை அவசரக்காரி. ஒன்பதாம் மாதம் தொடங்கும் முன்பே வந்துவிட்டாள். ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் காலை நர்ஸ் அவளைத் தூக்கிவந்து என் நெஞ்சில் போட்டாள். ஒரு கை அகலம்தான் இருந்தாள். "இனிமே நீங்கதான் பெட்டி. ஒடம்பு சில்லுன்னு ஆகவே கூடாது. உல்லன்ல ஏதாவது போடுங்க, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பத்து மணிக்கும் பனி விலகவில்லை. அத்தை தன் நைந்த சேலைகளை மூன்று மடிப்பாகச் சுற்றினார். பிள்ளையின் பாதம் சூடேறவில்லை.

போன் போட்டதும் கீழ்வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். பதினாறு நாள் கணக்கு அவளுக்குத் தெரியும் என்பதால் முதலில் தன் மகனுடைய பழைய ஸ்வெட்டரை எடுத்தாள். கழுத்து வழியாகப் பிள்ளை முழுசாக வெளியே வந்துவிட்டாள். அடுத்து, பையிலிருந்து மஞ்சள் துண்டுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். என் பீரோவைத் திறந்து என்னுடையதையும் எடுத்து வந்திருந்தாள்.

அன்றுதான் முதல் தடவையாக அவை பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கை. ஆனால் நான் பயத்தில் இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறேன், அவள் எப்போதும்போலத் தளர்வாகப் பின்னியிருக்கிறாள். இடது கை வலது கையைவிட மூன்று விரற்கடை நீளம். ஒருமுறை ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத்தானே செய்யக் கூடாது என்று இருந்தோம்.

"பிரிச்சுட்டு மறுக்கா போட்டுர்றேங்கா, சாயங்காலம் ஆயிரும்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "பத்து நாள் இருக்கு இன்னும். சேக்காதீங்க. பாருங்க, சேக்கக் கூடாதுன்னுதான் கை கூட ஒத்துவரல. நான் தச்சா இதுவும் போயிரும்க்கா." கோர்த்த ஊசியை அவள் என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையையும் போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரி அத்தையைப் பார்த்தாள். வேறொரு வீட்டு வழக்கத்தைத் தாண்ட அவளுக்கும் துணிவில்லை.

அத்தை பிள்ளையின் பாதத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அந்த ஊசியை வாங்கினார்.

"நீங்க ரெண்டு பேரும் தொடாதீங்க" என்றார். "நாந்தான் சேக்கேன். எது வந்தாலும் எங் கைக்கு வரட்டும்."

அவருக்கு உல்லன் தைக்கத் தெரியாது. பருத்தி மூட்டை தைத்த கை. நீளமும் குட்டையுமாக நாலு நாலு தையலாக இழுத்துப்போட்டார். தோள் கோணிக்கொண்டது, நூல் முடிச்சு வெளியே துருத்தியது. அவ்வளவு பக்குவமாகப் பின்னிய எங்களுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஆனாலும் அப்படியே பிள்ளைக்கு மாட்டினோம். நீளக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் பாதம் சூடேறியது. கீழ்வீட்டுக்காரி மூன்று மொழியிலும் அழுதாள்.

அத்தை அழவில்லை. ஆனால் நாங்கள் வீடு திரும்பிய பின் மிச்சமிருந்த நாளெல்லாம் அவர் அடுப்படியில் நிற்கும்போதும், வெற்றிலை மடிக்கும்போதும், தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். பேருக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. வரும் என்றே நம்பி, வரட்டும் என்று காத்திருந்தார். எனக்காக அதைப்போல் ஒரு காரியத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் செய்ததில்லை.